மலிவான டிக்கெட்டா, மிச்சமாகும் லீவா? வன்னியிலிருந்து வெளிநாடு போகிறவரின் கணக்கு

வெளிநாட்டு டிக்கெட் தேடுகிறவர்கள் திரையில் முதலில் பார்ப்பது ஆகக் குறைந்த விலையைத்தான். நீர்கொழும்பிலோ வத்தளையிலோ இருப்பவருக்கு அது கிட்டத்தட்டச் சரியான கணக்கு, ஒரு ஓட்டோ பிடித்தால் விமான நிலையம். கிளிநொச்சியிலிருந்தோ புதுக்குடியிருப்பிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ வெளிக்கிடுகிற நமக்கு அந்த விலை பாதிக் கதைதான். கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போக ஒரு இரவு, திரும்பி வர ஒரு பகல், இடையில் நேரம் பொருந்தாமல் சும்மா குந்தியிருக்கும் மணித்தியாலங்கள், எல்லாம் கடைசியில் லீவுக் கணக்கில்தான் வந்து விழும். அதனால் நான் டிக்கெட்டின் விலையோடு அது தின்னும் லீவு நாட்களின் பெறுமதியையும் கூட்டித்தான் எதையும் ஒப்பிடுவேன். இரண்டையும் கூட்டினால் மலிவானது எது என்ற பதில் பல தடவை தலைகீழாகிவிடும்.

முதலில் லீவு. தனியார் வேலையில் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமைய (கஷுவல்) லீவு. வேலையில் சேர்ந்த முதல் வருடம் வருடாந்த லீவே கிடையாது. அந்த 14 நாளில் குறைந்தது 7 நாளைத் தொடர்ச்சியாகத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது, இரண்டு நாள் மூன்று நாளாக எடுத்துக் கரைத்துவிட்டு வெளிநாடு போக லீவு இல்லை என்பார்கள். அரச வேலை என்றால் 21 அமைய லீவு, 24 விடுமுறை லீவு, ஆக 45. கேட்க நிறையத்தான் இருக்கிறது, ஆனால் நாட்டுக்கு வெளியே கழிக்கும் லீவுக்குத் தனி அனுமதி வேண்டும், அந்தக் கடிதம் திணைக்களம் திணைக்களமாக ஏறி இறங்கும்.

சரி, ஒரு லீவு நாளின் விலை என்ன? சம்பளத்தை வேலைநாட்களால் வகுங்கள். உதாரணத்துக்கு 90,000 ரூபாய் சம்பளம், மாதத்தில் 22 வேலைநாள் என்றால் ஒரு நாள் கிட்டத்தட்ட 4,100 ரூபாய். நான் இதை இரண்டால் பெருக்குவேன். ஏனென்றால் லீவு பயணத்துக்கு மட்டுமானது இல்லை: பிள்ளைக்குக் காய்ச்சல், செத்தவீடு, கலியாணவீடு, கச்சேரியில் ஒரு கையெழுத்து, வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருவிழா என்று வருடம் முழுக்க அதற்கு வேலை இருக்கிறது. 14 நாளில் முதல் ஐந்து நாளின் விலையும் கடைசி இரண்டு நாளின் விலையும் ஒன்றில்லை. ஆக ஒரு நாள் 8,000 என்று வைத்தால், 20,000 ரூபாய் மலிவான ஒரு டிக்கெட் உங்களிடமிருந்து மூன்று நாளைக் கூடுதலாக எடுத்தால் நீங்கள் நட்டப்பட்டவர். கூடுதலாக ஒரு நாள் மட்டும் எடுத்தால் லாபம். உங்கள் சம்பளத்துக்கு இந்த எண் வேறாக இருக்கும், ஆனால் ஏதோ ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் தேடத் தொடங்க வேண்டும்.

இனி வழிகள். ஆகக் கூடுதலானோர் கேட்பது லண்டன், கனடா, சுவிஸ், பிரான்ஸ். அக்கா தங்கை, சித்தப்பா, மச்சான் யாராவது அங்கே இருப்பார்கள், தங்க இடம் இருக்கும், செலவு என்றால் டிக்கெட்டும் விசாவும் கொண்டுபோகிற சாமானும்தான். லண்டனையே எடுப்போம், இதில்தான் தெரிவுகள் அதிகம்.

கொழும்பிலிருந்து ஹீத்ரோவுக்கு ஸ்ரீலங்கன் நேரடியாகப் போகிறது, வானத்தில் ஏறத்தாழ 11 மணித்தியாலம். மற்றப் பக்கம் டுபாய், டோஹா, அபுதாபி, இஸ்தான்புல் வழியாக ஒரு இடத்தில் மாறிப் போகும் விமானங்கள். பொதுவாக மாறிப் போவதுதான் மலிவு, எப்போதும் அப்படியில்லை. ஆனால் வன்னியிலிருந்து பார்க்கும்போது இன்னொரு வேறுபாடு இருக்கிறது, அது தின்னும் லீவை எந்தத் தேடல் தளமும் காட்டாது: கட்டுநாயக்கவில் விமானம் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? வளைகுடாவுக்குப் போகும் விமானங்களில் கணிசமானவை நள்ளிரவுக்குப் பிறகு, விடியுமுன் கிளம்புபவை. சனி விடியற்காலை விமானம் என்றால் வெள்ளி இரவு பன்னிரண்டு மணிக்கு முன்னரே நீங்கள் அங்கே நிற்க வேண்டும், அதற்குக் கிளிநொச்சியிலிருந்து பின்னேரம் மூன்று மணிக்காவது வெளிக்கிட வேண்டும். அரைநாள் லீவு போச்சு. நேரடி விமானம் பெரும்பாலும் மதியம் அளவில் கிளம்புவது. வெள்ளிக்கிழமை வேலையை முடித்து, வீட்டில் சாப்பிட்டு, இரவு பஸ் ஏறினால் சனி விடிய கட்டுநாயக்க, அன்றிரவே லண்டன். லீவில் ஒரு மணித்தியாலமும் செலவாகவில்லை. வளைகுடா விமான நிறுவனங்களுக்கும் காலையிலும் இரவிலும் சேவைகள் இருக்கின்றன, விலை கொஞ்சம் கூடலாம். எனவே தேடும்போது புறப்படும் நேரத்தை முதலில் வடிகட்டி, விலையைப் பிறகு பாருங்கள்.

பஸ் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் இரவு பஸ்களில் சில புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போகும், சில குருநாகல் வழியாக. புத்தளம் வழி பஸ் என்றால் கட்டுநாயக்க சந்தியிலேயே இறங்கிவிடலாம். குருநாகல் பக்கம் போனால் கொழும்புக்கே போய், கோட்டையிலிருந்து 187 ஆம் இலக்க பஸ்ஸில் திரும்பி வர வேண்டியிருக்கும், பெட்டிகளோடு அது ஒரு தண்டனை. இருக்கை பதியும்போதே எந்த வழி என்று கேளுங்கள். வான் பிடித்தால் சுகம்தான், வழியனுப்ப வீட்டில் ஆறு பேர் ஏறுவார்கள், முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சானும் வாங்கித்தான் வண்டி நகரும், அந்தச் செலவும் நேரமும் உங்கள் கணக்கில்.

மூன்றாவது வழி, பலருக்கு ஆசை காட்டும் வழி: பலாலியிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போய், அங்கிருந்து தனி டிக்கெட்டில் லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ போவது. பலாலியிலுள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது, கொரோனாவோடு சேவை நின்று 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோ சென்னைக்கும், 2025 மார்ச் கடைசியில் திருச்சிக்கும் பறக்கத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து பலாலி இரண்டு மணித்தியால ஓட்டம். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இருக்கிறது, திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் மலிவு விமானங்கள் இருக்கின்றன. தாளில் எழுதிப் பார்த்தால் அழகாக இருக்கும். கட்டுநாயக்கப் பயணமே வேண்டாம், நமது மண்ணிலிருந்தே ஏறலாம்.

ஆனால் தனித்தனி டிக்கெட் என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள வேண்டும். முதல் விமானம் பிந்தி, இரண்டாவதைத் தவறவிட்டால் எந்த நிறுவனமும் பொறுப்பில்லை, டிக்கெட் காசு போனதுதான். பலாலிக்கு வருவது சிறிய ஏடிஆர் விமானங்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் தாமதமாகலாம், ரத்தும் ஆகலாம், அடுத்த சேவைக்கு அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்று இல்லை. சென்னையில் குடிவரவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும், ஆகவே இந்திய விசா கட்டாயம். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று இரண்டு நுழைவும் தேவை. 30 நாள் மின்விசா இரண்டு நுழைவு தரும், ஆனால் அந்த 30 நாளுக்குள் இரண்டும் முடிய வேண்டும். பெட்டி எடை வேறு பிரச்சினை. சின்ன விமானத்தின் அனுமதி ஒன்று, பெரிய விமானத்தின் அனுமதி இன்னொன்று, கூடிய எடைக்குக் கட்டும் காசில் மிச்சம் பிடித்தது கரையும். மாமிக்குப் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கொண்டுபோகிறவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். பாதுகாப்பாக இருக்க சென்னையில் ஒரு இரவு தங்கினால், போகவும் வரவும் சேர்த்து இரண்டு நாள். நான் மேலே சொன்ன விலையில் 16,000 ரூபாய், ஹோட்டல் காசு தனி.

இதனால் அந்த வழி கூடாது என்றில்லை. சென்னையில் உங்களுக்கு வேறு வேலை இருந்தால், ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனை, கலியாணத்துக்குச் சேலை எடுப்பு, திருத்தணியில் ஒரு நேர்த்தி, அப்போது அந்த இரவு வீண் இல்லை, கணக்கு மாறிவிடும். சிங்கப்பூர்ப் பயணத்துக்கும் திருச்சி வழியைப் பார்க்கலாம், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்விசா தேவையில்லை, வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். ஆனால் வவுனியாவில் இருப்பவருக்கு இந்த லாபமே சுருங்கிவிடும், அங்கிருந்து பலாலி ஒன்றும் பக்கத்தில் இல்லை, தெற்கே போகும் பஸ்ஸும் ரயிலும்தான் அதிகம். மன்னார்க்காரருக்கு மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று கட்டுநாயக்கதான் நேர்வழி.

இந்தியா மட்டும்தான் போக வேண்டும் என்றால் பேச்சே வேறு. கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் பலாலிதான், யோசிக்க ஒன்றுமில்லை. கொழும்பு வழி விமானம் சில ஆயிரம் மலிவாகத் தெரியும், ஆனால் ஏ9 வீதியில் இரண்டு இரவுகளைக் கொடுத்து வாங்கும் மலிவு அது. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, விட்டு விட்டு ஓடுகிறது, நான்கு மணித்தியாலம் அளவில் போய்விடும். நாகையிலிருந்து வேளாங்கண்ணி கூப்பிடு தூரம், மாதாவிடம் போகிறவர்களுக்கு இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் வாடைக்காற்றுக் காலத்தில் சேவை நிற்கும், மற்ற மாதங்களிலும் கடல் கொந்தளித்தால் நாள் மாறும். திங்கட்கிழமை கட்டாயம் வேலைக்கு வர வேண்டியவர் திரும்பிவர நம்பக்கூடிய வழியில்லை. போகக் கப்பல், வர விமானம் என்று கலந்தால் பிழையில்லை. மின்விசா எல்லா நுழைவாயிலிலும் செல்லாது, உங்கள் விசாவுக்கு அந்தத் துறைமுகம் பொருந்துமா என்று முதலில் பாருங்கள்.

கனடாவுக்கு நேரடி விமானம் கிடையாது, எப்படியும் ஒரு இடத்திலாவது மாறத்தான் வேண்டும். அங்கே நான் ஒரே டிக்கெட்டில் ஒரு மாற்றம் என்பதை விட்டு இறங்கவே மாட்டேன். இரண்டு மாற்றம் உள்ளது எவ்வளவு மலிவானாலும் போகவர ஒரு நாளாவது கூடும். அத்தோடு இலங்கைக் கடவுச்சீட்டோடு லண்டனிலோ ஷெங்கன் நாட்டு விமான நிலையத்திலோ விமானம் மாறுவதற்கே இடைவழி விசா கேட்பார்கள். செல்லுபடியான கனடா விசா இருந்தால் அதற்கு விலக்கு உண்டு, ஆனால் ஐரோப்பாவில் தனித்தனி டிக்கெட் போட்டு, பெட்டி எடுக்க வெளியே வர வேண்டியிருந்தால் அந்த விலக்கு உதவாது.

இப்போது எந்த மாதம் என்ற கேள்வி, லீவுக்கும் விலைக்கும் நேரடிச் சண்டை நடக்கும் இடம் இதுதான். பொது விடுமுறைகளை ஒட்டி லீவு போடுவது எல்லாருக்கும் தெரிந்த வித்தை. 2026 சித்திரையை எடுங்கள்: பெரிய வெள்ளி ஏப்ரல் 3, புத்தாண்டு 13, 14 திங்கள், செவ்வாய். இடையிலுள்ள ஐந்து வேலைநாளுக்கு லீவு போட்டால் 3 முதல் 14 வரை பன்னிரண்டு நாள் கையில். லீவுப் பக்கம் பார்த்தால் தங்கம். விலைப் பக்கம் பார்த்தால் நாடு முழுக்க அதே நாட்களில்தான் வெளிக்கிடுகிறது, லண்டனில் அது ஈஸ்டர் பள்ளி விடுமுறை, வருகிற விமானமும் நிரம்பும் போகிற விமானமும் நிரம்பும். அதே பன்னிரண்டு நாளைப் பெப்ரவரியிலோ நவம்பரிலோ எடுத்தால் எட்டு வேலைநாள் போகும், அதாவது மூன்று லீவு நாள் கூட. நான் சொன்ன விலையில் 24,000. சித்திரை டிக்கெட்டுக்கும் பெப்ரவரி டிக்கெட்டுக்கும் வித்தியாசம் 24,000க்கு மேல் இருந்தால் பெப்ரவரி, குறைவாக இருந்தால் சித்திரை. குடும்பமாக நான்கு பேர் போனால் டிக்கெட் வித்தியாசத்தை நான்கால் பெருக்க வேண்டும், லீவு போடுகிறவர் ஒருவரோ இருவரோதான், அப்போது பெரும்பாலும் மலிவான மாதம்தான் வெல்லும். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அந்தத் தெரிவே உங்களிடம் இல்லை என்பது வேறு விஷயம். ஆசிரியர்களுக்கும் அப்படித்தான், ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறையில் லீவு மிச்சம், விலை உச்சம்.

எல்லா விடுமுறையும் உதவாது. 2026 தீபாவளி ஞாயிற்றுக்கிழமை, பிரயோசனம் இல்லை. தைப்பொங்கல் வியாழன், வெள்ளிக்கு ஒரு லீவு போட்டால் நான்கு நாள், பலாலி வழி சென்னைக்கு அளவான பயணம் போலத் தெரியும், ஆனால் பொங்கலன்று சென்னையே ஊருக்குப் போயிருக்கும், கடை கண்ணி பூட்டு. போயா வெள்ளியிலோ திங்களிலோ விழும் மாதங்கள் கிட்டத்துப் பயணங்களுக்கு இதைவிட நல்லவை, சனம் குறைவு.

ஆடி, ஆவணி பற்றி ஒரு வார்த்தை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் பள்ளி விடுமுறைக்கும் புலம்பெயர்ந்த சனம் ஜூலையில் இங்கே வந்து ஓகஸ்ட் கடைசியில் திரும்புகிறது. நீங்கள் ஜூலையில் இங்கிருந்து அங்கே போகிறீர்கள் என்றால் எதிர்த்திசையில் போகிறீர்கள், போகும் பயணம் மோசமில்லை. ஓகஸ்ட் முதல் கிழமையிலேயே திரும்பினால் வரும் பயணம் அங்கிருந்து வருகிற கூட்டத்தோடு மோதும், எனவே ஜூன் கடைசியில் போய் ஜூலை முதல் பாதியில் திரும்புவது, அல்லது செப்டெம்பரில் அங்கே பள்ளி தொடங்கிய பிறகு போவது என்று தேடிப் பாருங்கள். கூகிள் ஃப்ளைட்ஸில் நாட்காட்டியும், ஸ்கைஸ்கேனரில் முழு மாதமும் காட்டும் வசதி இதற்குத்தான். செவ்வாய் நள்ளிரவில் பதிந்தால் மலிவு, தேடிய தடயத்தை அழித்தால் மலிவு என்பதெல்லாம் ஊர்க்கதை. செவ்வாயில் பதிவதில் ஒன்றுமில்லை, செவ்வாயில் பறப்பதில்தான் காசு குறையும். ஆனால் கிழமை நடுவில் பறந்தால் வார இறுதியின் இலவச நாளை இழக்கிறீர்கள், மறுபடி அதே கணக்கு.

யாரிடம் பதிவது? வவுனியா, கிளிநொச்சி ஏஜென்சிகளை இணையத்தில் திட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ரூபாயில் காசாகக் கட்டலாம், விசா முடியும் வரை முற்பதிவை வைத்துத் தருவார்கள், நேரம் மாறினால் கதைக்க ஒரு முகம் இருக்கிறது. கொஞ்சம் கூட வாங்கினாலும் முதல்முறை போகும் அம்மா அப்பாவுக்கு அது பெறுமதியான கூட. சொந்தமாகப் பதியத் தெரிந்தவர் விமான நிறுவனத்தின் தளத்திலேயே பதிவது நல்லது, கார்டில் வெளிநாட்டுக் கொடுக்கல்வாங்கலை வங்கியில் கேட்டுத் திறந்து வைக்க வேண்டும். நான் தவிர்ப்பது பெயர் தெரியாத இடைத்தரகுத் தளங்களை. இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் குறைவாக இருக்கும், விமான நேரம் மாறும் நாளில் நிறுவனம் தளத்தைக் கேட்கச் சொல்லும், தளம் நிறுவனத்தைக் கேட்கச் சொல்லும். வெளிநாட்டு அண்ணாவின் கார்டில் பதிந்தால், சில நிறுவனங்கள் அந்தக் கார்டைக் காட்டச் சொல்வதுண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எதை முதலில் செய்வது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: லீவு எழுத்தில், பிறகு விசா, பிறகுதான் டிக்கெட். அரச ஊழியர் நாட்டுக்கு வெளியே லீவு கழிக்கும் பொது 126 படிவத்தை ஆகக் குறைந்தது இரண்டு மாதம் முன்னமே கொடுத்துவிட வேண்டும், மேலே யாராவது லீவில் போனால் அது மேசையில் கிடக்கும். பிரித்தானிய விசாவுக்கு வழமையாக மூன்று கிழமை, ஷெங்கனுக்கு 15 நாள் என்றாலும் நேரப்பதிவு கிடைக்கவே காத்திருக்க வேண்டும், ஷெங்கனுக்கு ஆறு மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பயன்படுத்துங்கள். விசா வருமுன் மலிவான, திருப்பித் தராத டிக்கெட்டை வாங்குவது சூதாட்டம். காத்திருக்கும் நாட்களில் விலை ஏறலாம், உண்மைதான். அதற்குப் பயந்தால் காசைத் திருப்பித் தரும் டிக்கெட்டுக்குக் கூடக் கொடுங்கள், விசா மறுத்தால் முழுக் காசும் போவதைவிட அது குறைவு.

திரும்பும் நாளை மட்டும் மலிவைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மேற்கே போகும்போது நேரம் கூடிவரும், திரும்பும்போது அதைப் பறிகொடுப்போம்: லண்டனில் சனி இரவு ஏறினால் ஞாயிறு மதியம்தான் கட்டுநாயக்க, பெட்டி வந்து, பஸ் பிடித்து, கிளிநொச்சியில் இறங்கும்போது நள்ளிரவாகும், முல்லைத்தீவு என்றால் விடிந்துவிடும். திங்கள் வேலைக்குப் போனாலும் உடம்பு கதிரையில் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். வெள்ளி இரவு ஏறும் டிக்கெட் ஐயாயிரம் ரூபாய் கூட என்றால் அதை எடுங்கள். இருபதாயிரம் கூட என்றால் சனியிலேயே ஏறி, திங்களுக்கும் சேர்த்தே லீவை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், விமான நிலையத்திலிருந்து போன் எடுத்துக் கேட்கும் லீவை எந்த மேலதிகாரியும் சிரித்த முகத்தோடு தருவதில்லை.